மூடி பொருந்திய அடுப்பு

தண்ணீர் பட்டதும் அந்த அடுப்பிலிருந்து சாண வாசனை கிளம்பியது. நேற்று மெழுகிய சாணம் அல்ல. பல வருஷத்துச் சாணம், செம்மண், சுண்ணாம்பு, காவி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து கிடந்தது. நான் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கரண்டிக் காம்பால் ஒவ்வொரு அடுக்காகப் பெயர்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இரும்பு இருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும். பார்வைக்குக் கொஞ்சம் பெரிய மண் அடுப்பு, அவ்வளவுதான்.

எனக்கு வலப்பக்கம் தமிழ்ச்செல்வி டீச்சர் நின்றிருந்தார். வீட்டுக்காரர் அவர்தான். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஏறக்குறைய என் வயது. இடப்பக்கம் சந்திரசேகர். அதே ஊர்ப் பண்ணை வீட்டுப் பேரன், சென்னையில் ஆடிட்டர். கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"பாத்து மேடம், கீறல் விழுந்துடப் போகுது" என்றார் சந்திரசேகர்.

"இது வார்ப்பிரும்பு சார். கரண்டிக்கெல்லாம் கீறல் விழாது. கீழ போட்டா உடையும், அவ்வளவுதான்."

"உடைஞ்சாலும் பரவால்ல" என்றார் டீச்சர்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், குறுவை அறுவடை முடிந்த சமயம். ரோட்டில் ஒரு பாதி முழுக்க நெல் காயப்போட்டிருந்ததால், எங்கள் கார் மறு பாதியில் ஊர்ந்துதான் போனது.

இரும்புக்கு வயசு சொல்கிறவள்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு பவுண்டரியில் இருந்தேன். உருக்கிய இரும்பை மண் அச்சில் ஊற்றி எடுக்கும் சாமான்களைத் தட்டிப் பார்த்து, அளந்து பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்லும் பிரிவு. ஆயிரக்கணக்கான உருப்படிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்குப் பட்டப்பெயர்கள் இருந்தன. ஒன்றும் பத்திரிகையில் எழுதும்படி இல்லை.

ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் உட்கார்ந்த பிறகு, பழைய இரும்புச் சாமானுக்கு வயது சொல்கிறவள் என்று பெயர் பரவிவிட்டது. தினமும் வாட்ஸப்பில் படங்கள் வரும். தராசு, திருகை, தையல் மெஷின் கால், கிணற்று உருளை. எல்லோரும் எழுதுவது ஒரே வாக்கியம்: "வெள்ளைக்காரன் காலத்துது மேடம்." வெள்ளைக்காரன் நம் ஊரில் இவ்வளவு சாமான் வைத்துவிட்டுப் போயிருந்தால் அவன் கப்பல் காலியாகத்தான் திரும்பியிருக்கும்.

ஒருவர் பூம்புகாரிலிருந்து ஒரு மீன்பாடி வண்டியில் ஒரு பெரிய இரும்புக் கட்டியைக் கொண்டுவந்தார். வலையில் மாட்டியதாம். சோழர் கப்பல் நங்கூரம் என்று அவர் முடிவே பண்ணியிருந்தார். துடைத்துப் பார்த்தால் டிராக்டருக்கு முன்னால் பாரத்துக்கு மாட்டும் கட்டி. மனிதர் என்னோடு ஒரு மாசம் பேசவில்லை.

இப்படிப் பலரைச் சங்கடப்படுத்தியிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. சாமானுக்கு உள்ள வயதைச் சொல்வதுதான் என் வேலை. சொந்தக்காரருக்குப் பிடித்த வயதைச் சொல்ல ஜோசியர்கள் இருக்கிறார்கள்.

பண்ணை வீட்டில் காபி

என்னை அழைத்தது சந்திரசேகர்தான். பூட்டிக் கிடந்த பண்ணை வீட்டைச் சீர்செய்து, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் இடமாக மாற்றிக்கொண்டிருந்தார். தேக்குத் தூணுக்கு மெருகு போட்டாயிற்று, ஊஞ்சலுக்குப் புதுச் சங்கிலி மாட்டியாயிற்று. சமையலறைப் பக்கம் வைக்க ஒரு சாமான் குறைந்தது.

"எங்க கொள்ளுத்தாத்தா சீமையிலேர்ந்து வரவழைச்ச விறகு அடுப்பு மேடம். துரைமாருங்க வந்தா தோட்டத்துக் கொட்டகையில வச்சு அதுலதான் சமைப்பாங்க. மேல நாலு துளை, பக்கத்துல ரொட்டி சுடற பெட்டி. அதுக்கு ஒரு போர்டு வைக்கணும். எந்த நாடு, எந்தக் காலம்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும்."

"அடுப்பு எங்க?"

"தெக்குத் தெருவுல ஒரு வீட்டுல இருக்கு."

"எப்படி அங்க போச்சு?"

அவர் மனுஷர் நல்லவர். சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சப்பட்டார். வெள்ளைக்காரன் போவதற்கு முந்தின ஒரு வெள்ளத்தில் கொட்டகை இடிந்ததாம். அந்தக் களேபரத்தில் அடுப்பு காணாமல் போயிற்று. ஒரே ஒரு மூடி மட்டும் சமையல்கட்டில் மாவுப் பானைக்குமேல் கனத்துக்குக் கிடந்ததால் தப்பியது. ரொம்ப வருஷம் கழித்து, தெற்குத் தெருவில் முருகையன் என்பவர் வீட்டில் அதே மாதிரி அடுப்பு இருப்பதைத் தாத்தா பார்த்தார். பஞ்சாயத்து கூடியது. மூடியைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள், பொருந்தியது.

"அப்பவே எடுத்துட்டு வந்திருக்கலாமே?" என்றேன்.

அவர் டம்ளரைப் பார்த்தார். "அந்தத் தெருவுல சமைச்ச அடுப்ப எப்படி வீட்டுக்குள்ள... அந்தக் காலம் மேடம். பாட்டி கூடவே கூடாதுன்னுட்டாங்களாம்."

திருட்டுப் பட்டத்தைக் கொடுத்துவிட்டு, திருட்டுப் பொருளை மட்டும் தீட்டு என்று அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்கும் அடுப்பின் வயதுக்கும் சம்பந்தமில்லை. வாங்க, போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தேன்.

தெற்குத் தெருவில்

டீச்சர் எங்களை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். ஓட்டு வீடு. அதை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டப்போகிறார்கள். வாசலில் ஜல்லி இறங்கியிருந்தது. இடிக்கும்போது அடுப்பு எப்படியும் வெளியே வந்தாக வேண்டும். அது தெரிந்துதான் சந்திரசேகர் கேட்டனுப்பியிருந்தார்.

"தம்பி போர்டுக்குன்னு சொல்லிருப்பாங்க" என்றார் டீச்சர் என்னிடம். "நீங்க எழுதப் போறது போர்டுக்கு இல்ல மேடம். எங்கப்பாவுக்கு."

அவர் அப்பா முருகையன் பண்ணை வேலையை விட்டு வெளியேறிய ஆள். நாகப்பட்டினத்தில் ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரர். விடுதியில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது, தான் சமைத்த அடுப்பைத் தானே எடுத்து மாட்டுவண்டியில் ஊருக்குக் கொண்டுவந்தார். பண்ணையில் வேலை பார்த்த வீட்டுக்கு இப்படி ஓர் அடுப்பு எப்படி வரும் என்று ஊர் கேட்டது. ஏலம் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

"பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில பஞ்சாயத்து. அடுப்பத் தூக்கிட்டு வரச் சொன்னாங்க. நாலு பேரு தூக்கிட்டுப் போனாங்க. மூடிய வச்சாங்க, உக்காந்துடுச்சு. எங்கப்பாவ கால்ல விழச் சொன்னாங்க. விழுந்தாரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். எல்லாம் வெவரம் தெரிஞ்ச வயசு."

அதன்பிறகு அந்த வீட்டுக்கு 'அடுப்பு வீடு' என்று பெயர். டீச்சர் வேலைக்குப் போன பிறகும், ஊரில் 'அடுப்புக்காரர் மகள்' என்றுதான் அடையாளம் சொல்வார்களாம். சொல்லும்போது சிரிப்பார்களாம்.

"ஏன் அதை அப்பவே தூக்கிப் போடல?" என்று கேட்டேன்.

"அம்மா கெஞ்சுனாங்க. அப்பா கேக்கல. தூக்கிப் போட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னாரு. சாவுற வரைக்கும் அதுலதான் சமைச்சாரு. அம்மாதான் தாங்க மாட்டாம, இரும்பு வெளிய தெரியக் கூடாதுன்னு வெள்ளிக்கு வெள்ளி சாணியும் மண்ணும் கொழச்சு அப்பிக்கிட்டே இருப்பாங்க."

நான் பெயர்த்துக்கொண்டிருந்தது அந்த அம்மாவின் வெள்ளிக்கிழமைகளை. கை கொஞ்சம் மெதுவாயிற்று.

விறகடுப்புச் சமையலின் ருசியே தனி என்று உருகுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊதுகுழல் பிடித்ததில்லை. என் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்புதான், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இந்த அடுப்பைப் பார்த்தபோது, இதில் ஒரு மனிதர் தினமும் ரோஷத்தோடு உலை வைத்திருக்கிறார் என்பது மட்டும் மனசில் நின்றது.

ஒரே எண்

மேல்தட்டு வெளியே வந்தது. நாலு துளை, நாலு மூடி. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். சந்திரசேகர் துணிப்பையை அவிழ்த்துத் தன் வீட்டு மூடியை எடுத்தார். நன்றாக எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

டீச்சர் வீட்டு மூடி ஒன்றை எடுத்துவிட்டு, அந்தத் துளையில் பண்ணை வீட்டு மூடியை வைத்தேன். உட்கார்ந்தது.

இரண்டு மூடியையும் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் எண் இருந்தது. ஒரு ஆங்கில எழுத்து, ஒரு கோடு, பிறகு எண். இரண்டிலும் அதே எழுத்து, அதே எண்.

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?" என்றார் சந்திரசேகர். குரலில் வெற்றி எல்லாம் இல்லை, கணக்கு நேரானால் ஆடிட்டருக்கு வரும் நிம்மதிதான் இருந்தது.

டீச்சர் சுவரில் கை வைத்துக்கொண்டார். "எழுதிக் குடுத்துடுங்க மேடம். என்ன இருக்கோ அத எழுதுங்க" என்றார்.

அந்தப் பஞ்சாயத்தை நான் முழுக்கத் திட்டமாட்டேன். அவர்கள் ஊரில் அடுப்பு என்றால் மண்ணைக் குழைத்து, வீட்டுப் பானையைக் கவிழ்த்து வைத்து, அந்த வாய்க்குத் தகுந்த மாதிரி பிடிப்பது. ஒரு வீட்டு அடுப்பு வாய் இன்னொரு வீட்டுப் பானைக்குச் சேராது. அதனால் ஒரு மூடி ஒரு அடுப்பில் உட்கார்ந்தால், அது அந்த அடுப்பின் மூடிதான் என்று நம்பினார்கள். மண் அடுப்புக்கு அது சரியான நியாயம். அச்சில் வார்க்கிற அடுப்புக்கு அது செல்லாது. ஒரு அச்சில் நூறு அடுப்பு வார்க்கலாம், நூறுக்கும் ஒரே எண்தான் இருக்கும்.

ஆனால் அதை மட்டும் சொன்னால் 'அதுவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்றுதான் ஆகும். அந்த மழுப்பல் பதிலைச் சொல்ல நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

"கொஞ்சம் இருங்க" என்றேன்.

சுருங்குகிற இரும்பு

இரண்டு மூடியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தின்மேல் சாக்பீஸ் தேய்த்தேன். டீச்சர் வீட்டில் சாக்பீஸுக்குப் பஞ்சமில்லை. பண்ணை வீட்டு மூடியில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருந்தது. டீச்சர் வீட்டு மூடியில் அதே எழுத்து மழுங்கி, உருண்டு, சப்பையாக இருந்தது. தேய்மானம் என்று சொல்ல முடியாது. மூடியின் அடிப்பக்கத்தை யாரும் தேய்ப்பதில்லை. ஜெராக்ஸ் எடுத்த தாளை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து எப்படி ஊறிப்போகுமோ, அந்த மாதிரி.

பண்ணை வீட்டு மூடியை மறுபடி துளையில் வைத்து, கண்ணைத் தட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோனேன். மூடி உட்கார்ந்திருந்தது, ஆனால் இறங்கவில்லை. ஒரு நகத்தின் கனம் தூக்கிக்கொண்டு நின்றது. மற்ற துளைகளிலும் வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே தூக்கல். டீச்சர் வீட்டு மூடியை வைத்தேன். தட்டோடு தட்டாகப் படிந்தது.

இதற்குக் கொஞ்சம் பவுண்டரி விஷயம் சொல்ல வேண்டும். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் அச்சு செய்கிறவர்கள் கையில் இருக்கும் அளவுகோலில் அங்குலமே கொஞ்சம் நீளமாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது தெரியாமல், ஸ்கேல் தப்பு என்று புகார் எழுதி மாட்டிக்கொண்டவள் நான். அச்சு செய்கிற பிரிவே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

ஆக, ஒருவர் சீமை அடுப்பு ஒன்றை வாங்கி, அதையே அச்சாக வைத்து மண்ணில் பதித்து நகல் வார்த்தால் என்ன ஆகும்? எண்ணும் எழுத்தும் அப்படியே வரும், ஆனால் மழுங்கி வரும். அளவு எல்லாம் கொஞ்சம் சிறுக்கும். மூலத்தின் மூடி நகலின் துளையில் வைத்தால் முழுசாக இறங்காது.

"இது சீமை அடுப்பே இல்ல சார்" என்றேன். "சீமை அடுப்பப் பாத்து நம்ம ஊர்ல வார்த்த அடுப்பு. உங்க மூடி வேற அடுப்போடது."

சந்திரசேகர் குனிந்து அவரே பார்த்தார். விரலால் தடவினார். தடுக்கியது. ஆனாலும் படித்தவர், எளிதில் விடவில்லை.

"எங்க கொள்ளுத்தாத்தா வாங்குனதே நகலா இருந்து, இந்த மூடி மட்டும் மாத்து மூடியா வந்திருக்கலாமே மேடம்?"

நியாயமான கேள்வி. எனக்கே அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. "இருக்கலாம். அதனாலதான் இப்ப அடுப்பத் திருப்பணும்" என்றேன்.

சுவர்ப் பக்கம்

பவுண்டரிக்காரன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் தன் பெயரைப் போடாமல் விடமாட்டான். முன்பக்கம் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் வெறும் பூ வேலை. மிச்சம் இருந்தது சுவரை ஒட்டிய பின்பக்கம். அடுப்பைக் கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து அந்தப் பக்கத்தை யாரும் பார்த்ததில்லை. அரசமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனபோதும் எல்லோர் கண்ணும் மூடிமேல்தான் இருந்தது.

ஜல்லி இறக்க வந்திருந்த ஆட்களைக் கூப்பிட்டு, கடப்பாரை போட்டு நெம்பித் திருப்பினோம். பின்னால் ஒரே கரி. கீழே ஓரமாக ஒரு பட்டை வார்த்திருந்தது. நான் முழங்காலில் உட்கார்ந்து தேய்த்தேன். பவுண்டரியின் பெயர் பாதி உடைந்திருந்தது. அதன் கீழ் இரண்டு வார்த்தை முழுசாக இருந்தன. சாக்பீஸை அழுத்தித் தேய்த்ததும் வெள்ளையாக எழுந்து நின்றன.

நான் எழுந்துகொண்டேன். "டீச்சர், நீங்களே படிங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் கூட்டி, வகுப்பில் படிக்கிற மாதிரி சத்தமாகப் படித்தார். "மெட்ராஸ் ஸ்டேட்."

படித்து முடித்த பிறகு அவருக்கே புரிந்துவிட்டது. சமூக அறிவியல் நடத்திய டீச்சர். சந்திரசேகருக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வெள்ளைக்காரன் இருந்த வரைக்கும் இது மாகாணம் சார்" என்றேன். "ஸ்டேட்னு ஆனது குடியரசு வந்த பெறகு. அப்புறம் தமிழ்நாடுன்னு பேரு மாறிடுச்சு. இந்த அடுப்பு அந்த ரெண்டுக்கும் நடுவுல வார்த்தது. உங்க வீட்டு அடுப்பு காணாமப் போனப்ப, இது இரும்பாக்கூட ஆகல. மண்ணா இருந்திருக்கும்."

"அப்ப எங்க அடுப்பு?"

"ஆத்துல போச்சோ, கொட்டகைச் சுவத்துக்கு அடியில கிடக்கோ, எனக்குத் தெரியாது. இது அது இல்ல. அத மட்டும் எங்க வேணா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

டீச்சர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அடுப்பின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தனை வருஷம் இதுக்குப் பக்கத்துலயே உக்காந்து சாப்புட்டிருக்கோம்" என்று மட்டும் சொன்னார். வேலைக்காலம் முழுக்க எத்தனையோ உருப்படிகளைத் தேறாது என்று தள்ளியவளுக்கு, தேறியது என்று சொல்லும் சந்தோஷம் அன்றைக்குத்தான் முழுசாகக் கிடைத்தது.

அரசமரத்தடி

சந்திரசேகர் கையிலிருந்த மூடியைப் பையில் போட்டார். மறுபடி எடுத்தார். என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஸாரி டீச்சர்" என்றார்.

"என்கிட்ட ஏன் தம்பி சொல்றீங்க? என்னைய யாரும் ஒண்ணும் செய்யல."

"அப்புறம்?"

"எங்கப்பா விழுந்த எடத்துல சொல்லுங்க. நீங்க விழ வேணாம். நின்னுக்கிட்டே சொன்னா போதும்."

அவர் முகம் மாறியது. "டீச்சர், அது தாத்தா காலத்துல நடந்தது. நான் பொறக்கவே இல்ல."

"மூடியக் கொண்டாந்தது நீங்கதானே தம்பி" என்றார் டீச்சர். குரலை உயர்த்தவே இல்லை.

சந்திரசேகர் என்னைப் பார்த்தார். நான் கை கழுவ எழுந்து போனேன். இதில் நான் அபிப்பிராயம் சொல்ல ஒன்றும் இல்லை.

திரும்பி வந்தபோது அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "இப்பவேவா?" என்று கேட்டார்.

"இப்பதான் டீக்கடையில ஆள் இருக்கும்" என்றார் டீச்சர்.

மூன்று பேரும் நடந்து போனோம். சாயங்கால வெயில். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையார் கோயிலுக்கு எதிரே அரசமரம், அதை ஒட்டி டீக்கடை, ரேஷன் கடை. வடை தின்றுகொண்டிருந்தவர்கள், சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றிருந்த பெண்கள் என்று ஒரு முப்பது பேர் இருப்பார்கள். பண்ணை வீட்டுப் பேரனும் அடுப்பு வீட்டு டீச்சரும் சேர்ந்து நடந்து வருவதைப் பார்த்ததுமே பேச்சு நின்றுவிட்டது.

சந்திரசேகர் மரத்தடியில் போய் நின்றார். மூடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தொண்டையைக் கனைத்தார். ஆரம்பிக்கும்போது பார்த்து, திருத்துறைப்பூண்டி மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. அவர் வாய் அசைந்தது. "முருகையன்... அடுப்பு... எடுக்கல" என்று எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. சொல்லிவிட்டு வேகமாக இந்தப் பக்கம் திரும்பினார்.

டீச்சர் அசையவில்லை. பஸ்ஸில் ஆட்கள் ஏறும் வரை காத்திருந்தார். பஸ் கிளம்பி, வளைவு தாண்டி, அதன் சத்தம் ஓயும் வரை காத்திருந்தார். ஏற வேண்டிய இரண்டு பெண்கள் ஏறாமல் அங்கேயே நின்றார்கள்.

"பஸ்ஸு போயிடுச்சு தம்பி" என்றார் டீச்சர். "இன்னொரு தடவ சொல்லுங்க."

சந்திரசேகர் மறுபடி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். இந்த முறை மூடியைக் கீழே வைத்துவிட்டார்.

"முருகையன் ஐயா வீட்டுல இருக்கறது எங்க அடுப்பு இல்ல" என்றார். "அவரு ஏலத்துல எடுத்ததுதான். எங்க வீட்டுல சொன்னது தப்பு. ஐயா திருடல."

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரை அப்படியே பிடித்திருந்தார். டீச்சர் மட்டும் தலையை ஆட்டினார்.

"இப்ப கேட்டுச்சு" என்றார்.